பச்சை எரிந்தபோது வண்டி எங்கே இருந்தது

வல்லக்கோட்டைத் திருப்பத்தில்தான் அது எனக்குப் பட்டது.

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கும் தேசிங்கு அண்ணனைப் பார்த்துவிட்டு, மதிய ஷிப்ட் பஸ்ஸில் ஒரகடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். டிரைவருக்கு நேர் பின்னால் இடம். கண்ணை மூடியிருந்தேன், தூங்கவில்லை. அந்தச் சாலையில் தினமும் போய்வருகிறவர்களுக்கு வழி பார்க்கக் கண் வேண்டாம். உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, பிரேக் போடும்போது எவ்வளவு முன்னால் தள்ளுகிறது, வேகத்தடை எங்கே குலுக்குகிறது என்பதை வைத்தே எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். அவ்வப்போது கண்ணைத் திறந்து ஒரு போர்டைப் பார்த்துச் சரிசெய்துகொண்டால் போதும்.

உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. வல்லக்கோட்டை என்று நினைத்துக்கொண்டேன். சரிபார்க்கக் கண்ணைத் திறந்தேன். சாலை தெரியவில்லை, ஒரு வாழை இலைதான் தெரிந்தது.

ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பஸ்ஸின் முகப்பில் இரண்டு பக்கமும் கட்டிய வாழைக்கன்றுகளை யாரும் அவிழ்க்கவில்லை. ஒன்று சரிந்து, அதன் காய்ந்த இலை கண்ணாடியில் உரசிக்கொண்டே வந்தது. டிரைவர் தலையை ஒருபக்கம் சாய்த்து, இலைக்கு இடுக்கில் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆள் ஓட்டாமல் தானே ஓடும் எங்கள் வண்டியின் தலைக்கு மேலேயும் இப்படித்தானே கட்டியிருந்தது? அந்த டிரைவருக்குத் தலையைச் சாய்க்கத் தெரிந்தது. எங்கள் வண்டிக்குத் தெரியாது.

நாளைக்கு என்னோடு வேலைக்குச் சேரப்போகும் உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். பணி அனுபவம் எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனால் இந்த ஒரகடம் வட்டாரத்தில் ஒரே டீமில் நாலு வருஷம் தாக்குப்பிடித்தவளை ஓய்வு பெற்றவள் என்றே சொல்லலாம். தவிர, அந்த டீமே இப்போது இல்லை. கணக்குகளை மேனுவலில் படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது மேனுவலில் இருக்காது.

வண்டியைப் பற்றி முதலில். பெரிய தொழிற்சாலை ஒன்றின் யார்டில், கிடங்கிலிருந்து அசெம்பிளி ஷெட்டுக்குப் பாகங்கள் ஏற்றிய டிராலிகளை இழுத்துப்போகும் சின்ன பேட்டரி வண்டி அது. டக்கர் என்பார்கள். அதை ஆள் ஓட்டாமல் தானே ஓடவைப்பது எங்கள் வேலை. திறந்த வெளியில் இருக்கும்வரை செயற்கைக்கோள் சிக்னலை வைத்து அது தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும். ஷெட் கூரைக்குள் நுழைந்ததும் சிக்னல் செத்துவிடும். அப்போது உள்ளே இருக்கும் ஒரு சிறு பெட்டி உதவிக்கு வரும். ஐஎம்யூ என்பது அதன் பெயர். எவ்வளவு வேகம் கூடியது, எவ்வளவு திரும்பியது என்று ஒவ்வோர் அசைவையும் அளந்து கூட்டிக்கொண்டே போகும். பஸ்ஸில் நான் கண்ணை மூடிக்கொண்டு செய்தேனே, அதேதான். இரண்டையும் கலந்து, இந்த நொடியில் வண்டி இங்கே நிற்கிறது என்று ஒரே பதிலைச் சொல்லும் நிரலுக்கு ஃபில்டர் என்று பெயர்.

கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? எனக்கும் இருந்தது. சேர்ந்த புதிதில் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சாப்பாட்டுத் தட்டையும் டம்ளரையும் வைத்து ஃபில்டரை விளக்கியிருக்கிறேன்.

தானே ஓடும் வண்டி என்றாலும் சோதனைக் காலத்தில் ஓர் ஆள் மேலே நிற்கவேண்டும் என்பது விதி. பக்கவாட்டுப் படியில் நின்றுகொண்டு, தேவைப்பட்டால் சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்தவேண்டும். அந்த ஆள்தான் தேசிங்கு அண்ணன். சேரப்பணஞ்சேரிக்காரர். அதே யார்டில் கான்ட்ராக்டில் டக்கர் ஓட்டிக்கொண்டிருந்தவர். தன்னுடைய வேலையைத் தானே இல்லாமல் ஆக்கப்போகும் வண்டியின் மேல் நின்றுகொண்டு வருகிறோம் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அதைச் சொல்லியே கிண்டலடிப்பார்.

முதல் சில மாதம் வண்டி எங்களைச் சந்தி சிரிக்க வைத்தது. யார்டை ஒட்டிப் புதிதாக ஒரு ஷெட் எழுந்திருந்தது. அதன் தகரச் சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னலை ஆன்டெனா நிஜமென்று நம்பிவிடும். வண்டி நடு யார்டில் திடீரென்று நிற்கும். பின்னால் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடிக்கும்.

"தோ, நின்னுடிச்சி பாரு. இன்னா கயலு, உன் வண்டிக்கு டீ டைமா?" என்பார் தேசிங்கு. "நான் ஓட்டும்போதுகூட இத்தினி தபா டீ குடிச்சதில்ல."

"அண்ணே, நீங்க பொத்தானை அழுத்தினீங்களா, அதுவா நின்னுச்சா?"

"பாதி அது, பாதி நானு. லாரி இம்மாம் கிட்ட வந்தா அழுத்தாம? எனுக்கு புள்ள குட்டி கீதும்மா."

அவர் அழுத்தும் ஒவ்வொரு முறையும் அந்த ஓட்டத்தின் தரவு வீணாகும். மறுபடி முதலிலிருந்து ஓட்டவேண்டும். எங்கள் மேலாளர் பொறுமையானவர்தான். ஆனால் வாடிக்கையாளருக்குக் காட்டவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வண்டியின் முகப்பில் ஒரு விளக்கு இருந்தது. செயற்கைக்கோள் சொல்வதும் ஐஎம்யூ சொல்வதும் ஒத்துப்போனால் பச்சை, ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு. நான் சேர்வதற்கு முன்பே யாரோ எழுதிவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்ட விதி அது. மேலாளர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"தேசிங்கு, சிம்பிள். பச்சை எரிஞ்சா கை வைக்காதே. சிவப்பு வந்தா அழுத்து. உன் பயத்துக்கெல்லாம் அழுத்தாதே."

"சரி சார்."

அவர் சரி என்றால் சரிதான். அதற்குப் பிறகு பச்சை எரியும்போது அவர் பொத்தானில் கை வைத்து நான் பார்க்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வண்டி மேல் நின்று ஊர்வலம் வருகிற சாமி மாதிரி வருவார்.

பூஜை நாளுக்கு வருகிறேன். இந்தச் சாலையில் எந்தத் தொழிற்சாலையிலும் லீவுக்கு முந்தின நாள் இதுதான் நடக்கும். மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். வண்டிகளுக்கு வாழைக்கன்று, மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். வாசலில் பூசணிக்காய். எங்கள் டக்கரையும் ஜோடித்திருந்தார்கள். முகப்பின் இரண்டு பக்கமும் கன்று, இலைகள் மேலே கூடாரம்போல் சாய்ந்திருந்தன. உச்சியில் காளான் மாதிரி இருக்கும் ஆன்டெனாவுக்குத் தண்ணீர் தெளித்த சாமந்தி மாலை. எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. போட்டோகூட எடுத்தேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. செத்துக் கிடக்கும் வண்டிக்கு ஆரத்தி காட்டமாட்டார்கள். வண்டி உயிரோடு இருக்கவேண்டும். அதனால் முதலில் சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் அலங்காரமே தொடங்கும்.

கற்பூரம் காட்டி முடித்ததும் வண்டி ஒரு சுற்று வந்தது. எலுமிச்சை நசுங்கியது, எல்லோரும் கைதட்டினார்கள். தேசிங்கு புதுச் சட்டையில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படியில் நின்றார். யார்டைச் சுற்றி வந்து ஷெட் வாசலுக்குத் திரும்பியபோது வண்டி வாசலின் நடுவுக்கு வரவில்லை. ஒதுங்கியே வந்தது. பச்சை எரிந்தது. நான் பொரி பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தேன். அவரும் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். வாசல் தூண் பக்கத்தில் வந்தபிறகுதான் பாய்ந்து பொத்தானை அழுத்தினார். படிக்கும் தூணுக்கும் நடுவில் அவருடைய வலது பாதம் மாட்டிக்கொண்டது.

அந்த இடத்தில்தான் சற்று முன்பு பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். தரையெல்லாம் குங்குமச் சிவப்பு. அதனால் முதலில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவர் கத்தியபிறகுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் கணுக்கால்வரை கட்டோடு இருந்தார். என் கைப்பையைப் பார்த்தார்.

"இன்னா, ஆப்பிளா? ஆஸ்பத்திரின்னாலே ஆப்பிளு தானா உங்களுக்கெல்லாம்? ஒரு பிரியாணி வாங்கியாந்தா இன்னாவாம்?"

சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"கான்ட்ராக்டர் வந்துட்டு போனாரு கயலு. கேட் பாஸ வாங்கிக்கினாரு. விசாரணை முடியறவரைக்குமாம். ஆபரேட்டர் தப்புன்னு எழுதிட்டா, இந்த ரோட்டுல எந்தக் கேட்டும் எனுக்குத் தொறக்காதுன்றாரு. எல்லாக் கம்பெனிக்கும் ஆளு உடறது அவங்க நாலு பேரு தான? ஒருத்தன் வாணான்னா நாலு பேரும் வாணாம்பான்."

"உங்க தப்பு இல்லண்ணே."

"அத்த நீ சொல்லி இன்னா? பச்சை எரிஞ்சிது. நான் பாத்துக்கினேதான் வந்தேன். வண்டி ஒதுங்குறது எனுக்குத் தெரிஞ்சிது. ஆனா பச்சை எரியுதே, அதுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்னு கம்முனு இருந்துட்டேன்."

நான் கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பும் வழியில்தான் அந்த வாழை இலை.

மறுநாள் காலையில் வாலாஜாபாத் மார்க்கெட்டில் இரண்டு வாழைக்கன்றும் ஒரு சாமந்தி மாலையும் வாங்கிக்கொண்டு யார்டுக்குப் போனேன். என்னோடு வேலை பார்த்த இசக்கி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், என்னைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"ஏ கயலு, மறுபடியும் பூசையா? பொரி உண்டா?"

"வண்டிய ஆன் பண்ணு. பண்ணிட்டு இந்தக் கன்னைக் கட்டு. கட்டும்போது வண்டி ஆடணும்."

"எல்லாரும் நம்மளக் கிறுக்குன்னு சொல்லப் போறாவ."

அவன் கட்டினான். நான் மாலைக்குத் தண்ணீர் தெளித்தேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "இன்னா மேடம், வண்டிக்கு சீமந்தமா?" என்றார் ஒருவர். படியில் யாரையும் ஏற்றாமல், தூரத்திலிருந்து நிறுத்தும் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை விட்டோம்.

அன்று நடந்தது அப்படியே நடந்தது. யார்டைச் சுற்றி வந்தது, வாசல் பக்கம் ஒதுங்கியது, தூணை நோக்கிப் போனது, பச்சை எரிந்தது. இசக்கி ரிமோட்டை அழுத்தினான்.

காரணம் இதுதான். சுவிட்ச் போட்டதும் ஐஎம்யூ சிறிது நேரம் அசையாமல் நிற்கவேண்டும். அப்போதுதான் 'இதுதான் அசையாமை' என்று அது கற்றுக்கொள்ளும். நாங்கள் அப்போது வாழைக்கன்றைக் கட்டி அதை ஆட்டிக்கொண்டிருந்தோம். மெதுவான ஆட்டம், அதனால் அது சந்தேகப்படவில்லை. ஆட்டத்தையே அசையாமை என்று கற்றுக்கொண்டது. பிறகு ஓடும்போது திசை கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகியது. பிசகைத் திருத்தவேண்டிய செயற்கைக்கோள் சிக்னல், ஈரமான இலைக்கும் மாலைக்கும் அடியில் நலிந்துபோயிருந்தது.

நான் துள்ளிக்கொண்டு மேலாளரிடம் ஓடினேன். இந்த இடத்தில் என்னைக் கவனியுங்கள். நாளைக்கு நீங்களும் இப்படி ஓடுவீர்கள். விடை கிடைத்த சந்தோஷத்தில், அந்த விடையை யார் கையில் கொடுக்கிறோம் என்று யோசிக்கமாட்டீர்கள்.

மேலாளர் முழுவதும் கேட்டார். முகம் தெளிந்தது.

"சூப்பர் கயல். ரூட் காஸ் கிடைச்சாச்சு. கட்டினது யாரு? தேசிங்குதானே?"

என் பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

"நான்தான் பார்த்தேனே. சுவிட்ச் போட்டதும் அவன்தான், கன்னு கட்டினதும் அவன்தான். 'அனுமதியில்லாமல் கருவியில் பொருள் கட்டியது' அப்படின்னு எழுதிடு. நாளைக்கு ஃபேக்டரி சேஃப்டி டீம் வராங்க. அவங்க வந்ததும் வண்டிய சீல் பண்ணிடுவாங்க. அதுக்குள்ள ரிப்போர்ட் வேணும்."

"சார், எல்லாரும் சேர்ந்துதானே பூஜை பண்ணோம்? நீங்கதான கற்பூரம் காட்டினீங்க?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கயல், உட்காரு. நம்ம சாஃப்ட்வேர் தப்புன்னு எழுதினா டிரையல் நின்னுடும். டிரையல் நின்னா டீம் கிடையாது. நீ, இசக்கி, நான், எல்லாரும். அந்தப் பக்கம் ஒருத்தர் வேலை, இந்தப் பக்கம் எல்லார் வேலையும். நான் கெட்டவன் இல்லை. ரெண்டையும் எடைபோட்டுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

அன்று சாயங்காலம் சேரப்பணஞ்சேரிக்குப் போனேன். தேசிங்கு அண்ணனை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி எனக்கு டீ போடப் போனார். நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார், பிறகு அணைத்தே விட்டார்.

"ஆமா, நான்தான் கட்னேன். வருஷா வருஷம் நான்தான் கட்றேன். லாரிக்குக் கட்னேன், ஃபோர்க்லிஃப்ட்டுக்குக் கட்னேன். எதுவும் வழி தப்பல." என்னை நேராகப் பார்த்தார். "நீ என்னைக் காப்பாத்த வந்தியா, மாட்டி உட வந்தியா?"

அவர் மனைவி டீயோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"சாமிக்குச் செஞ்சதையா தப்புன்றாங்க?" என்று கேட்டார். என்னிடமல்ல, அவரிடம். "அப்ப இன்னிமே அந்தக் கம்பெனி வாசல்ல கால் வைக்காதே. போவட்டும் அந்தப் பாஸு."

"கால் எங்க கீது வைக்க?" என்றார் அவர்.

டீயை நான் குடித்தேனா என்று நினைவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு விளக்கைப் பற்றியே யோசித்தேன். இலை ஏன், ஆட்டம் ஏன் என்றெல்லாம் கேட்டாகிவிட்டது. பச்சை ஏன் எரிந்தது என்று மட்டும் நான் கேட்கவேயில்லை. இரண்டும் கெட்டுப்போயிருந்தபோது, ஒத்துப்போவதாக விளக்கு எப்படிச் சொன்னது?

பஸ்ஸில் லேப்டாப்பை மடியில் வைத்து, யாரோ எழுதிவிட்டுப் போன அந்த விதியைத் திறந்தேன். விஷயம் அவ்வளவு பெரிய ரகசியமெல்லாம் இல்லை. சிக்னல் நலியும்போது ஃபில்டர் தன் சந்தேகத்தைக் கூட்டிக்கொள்ளும். அது சரியான குணம். ஆனால் சந்தேகம் கூடினால், 'இவ்வளவு வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை' என்ற வரம்பும் கூடவே விரியும். வரம்பு விரிந்தால் எதுவும் ஒத்துப்போனதுபோலத் தெரியும். ஆக, வண்டிக்கு எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ, பச்சை எரிய அவ்வளவு சுலபம். 'இவை இரண்டும் ஒத்துப்போகின்றனவா?' என்று மட்டுமே விளக்கு கேட்டது. 'நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரியுமா?' என்று அது கேட்கவேயில்லை. தேசிங்கு அண்ணனும் நாங்களும் அந்த இரண்டாவது கேள்விக்கான பதில் என்று நினைத்துத்தான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்படியானால் மாலையே தேவையில்லை. சாதாரண நாளிலும் அது பொய் சொல்லும்.

மறுநாள் சேஃப்டி டீம் வருவதற்கு முன்னால் எங்களுக்குக் கிடைத்தது மதியச் சாப்பாட்டு இடைவேளை மட்டும்தான். இசக்கியிடம் சொன்னேன். அவனுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வேலை போனால் என்ன ஆகும் என்று நான் விளக்கவேண்டியதில்லை. டிபன் பாக்ஸை மூடினான்.

"ஓட்டிருவோம். பெறவு நடக்கது நடக்கட்டும்."

பூ இல்லை, இலை இல்லை. இரண்டு கன்டெய்னர் லாரிகளின் டிரைவர்களிடம் கெஞ்சி, வானம் மறைந்து சிக்னல் நலியட்டும் என்று தடத்தின் இரண்டு பக்கமும் ஒட்டி நிறுத்தச் சொன்னோம். எந்த நாளும் யார்டில் அப்படி நிற்கும் லாரிகள்தான். வண்டி ஆடட்டும் என்று, ஆன் செய்த கையோடு டிராலியில் பெட்டிகளை ஏற்றினோம். எந்த ஷிப்டிலும் அப்படித்தான் ஏற்றுவார்கள். தூணுக்கு முன்னால் ஆரஞ்சு நிறக் கோன் ஒன்றை வைத்தோம். மேலாளரை அழைத்தேன். வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வண்டி லாரிகளுக்கு நடுவில் புகுந்து வெளியே வந்தது. பச்சை. வளைந்தது. பச்சை. ஒதுங்கியது. பச்சை. கோன் சக்கரத்துக்கு அடியில் போய் நசுங்கியபோதும் பச்சைதான் எரிந்துகொண்டிருந்தது. இசக்கி நிறுத்தினான்.

மேலாளர் வண்டி அருகே போனார். நசுங்கிய கோனைக் காலால் தள்ளினார். விளக்கையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுவிட்சை அவரே அணைத்தார்.

"இதை எழுதினா டீம் இருக்காது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"இசக்கி?"

"தெரியும் சார்."

"அனுப்பு" என்றார். கேன்டீன் பக்கம் போகாமல் கேட்டை நோக்கி நடந்தார்.

விளக்கைத்தான் முதல் காரணமாக எழுதினேன். ஆட்டமும் இலையும் அதற்குப் பின்னால்தான் வந்தன. ஆபரேட்டர் தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்தார் என்றும் எழுதினேன். அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். டிரையல் நின்றது. மேலாளரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். இசக்கி ஓசூரில் வேலை தேடிக்கொண்டான், கல்யாணம் தள்ளிப்போனது. என் அறிக்கையில் விளக்கைப் பற்றி அவ்வளவு எழுதியும் தொழிற்சாலைக்காரர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு: இனி எந்த வண்டிக்கும் மாலை, வாழைக்கன்று கூடாது என்று ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். அடுத்த பூஜைக்கு ஒரு படத்தை மட்டும் மேஜையில் வைத்துப் பொரி கொடுத்தார்களாம். யார்டில் இருந்தவர்களுக்கு அந்தக் கோபம் இன்னமும் என் மேல்தான்.

தேசிங்கு அண்ணனுக்குப் பாஸ் திரும்பக் கிடைத்தது. ஆனால் நாள் முழுக்கப் படியில் நின்று வண்டி ஓட்டும் கால் அவருக்கு இல்லை. கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு ஹெல்மெட் எடுத்துக் கொடுக்கிறார். போன மாதம் அங்கே ஒரு வேலையாகப் போனபோது என்னிடமும் ஒன்றை நீட்டினார்.

"பாஸு குடுத்துட்டாங்க கயலு. காலத்தான் குடுக்கல."

எனக்கு நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்துப் போகவில்லை. திட்டினால் கேட்டுக்கொள்வதாகத்தான் போனேன். அவர் திட்டவும் இல்லை. ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்துகொண்டே கேட்டார்:

"இப்பவும் அந்த விளக்கப் புடிச்சிக்கினுதான் கீறியா?"

"ஆமாண்ணே."

"எனுக்கு ஒண்ணு சொல்லு. அதுக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வைக்க முடியாதா? மனுஷன் சொல்றான் இல்ல?"

மனுஷனும் சொல்வதில்லை அண்ணே என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

நீங்கள் சேரப்போகும் இடம் பெரிய தொழிற்சாலை இல்லை. ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டி, மழை பெய்தால் வாசலில் தண்ணீர் நிற்கும் ஒரு ஷெட். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு டக்கர் இருக்கிறது. முதலாளிக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்காதீர்கள், வாடகை கொடுக்கிறார். நான் அந்த விளக்கை மறுபடி எழுதியிருக்கிறேன். இந்த விளக்கு மஞ்சளும் காட்டும். கண் விழித்தபோது நிஜமாகவே அசையாமல் நின்றேனா என்று வண்டி சந்தேகப்படவேண்டும், வானம் போதுமான அளவு தெரிகிறதா என்று பார்க்கவேண்டும், தெரியாமல் எவ்வளவு தூரம் குருட்டுக் கணக்கில் வந்துவிட்டோம் என்று பயப்படவேண்டும். பயம் ஓர் அளவைத் தாண்டினால் மஞ்சள் எரிந்து, தானே நின்றுவிடவேண்டும்.

இதுவரை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். முதல் முறை வண்டி கிளம்பவே பயந்து, மஞ்சளிலேயே நின்றுவிட்டது. பயத்தைக் குறைத்தேன். இரண்டாம் முறை தகரச் சுவரில் இடிக்கிறவரை பச்சை எரிந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அப்படி ஒரு கோடு இருக்கிறதா என்பதுகூட நிச்சயமில்லை.

நாளைக் காலை மூன்றாவது முறை. தேசிங்கு அண்ணனையும் வரச்சொல்லிக் கேட்டிருந்தேன். இன்றைக்குப் போன் செய்தார்.

"லீவு போட்டுட்டு வரேன். வாழ மரம் நான் கட்றேன், உங்களுக்கு நேராக் கட்ட வராது. ஆனா வண்டி மேல மட்டும் ஏறச் சொல்லாதே."

"யாரும் ஏறப்போறதில்லண்ணே."

ஆகவே, உங்கள் முதல் நாள் இப்படித் தொடங்கும். சுவிட்சை நான் போடுவேன். அவர் வாழைக்கன்று கட்டுவார், வண்டி ஆடும். மாலைக்குத் தண்ணீர் தெளிப்பது உங்களில் ஒருவர். மற்றவர் கையில் ரிமோட் இருக்கும். வண்டி கிளம்பும். மஞ்சள் எரியவேண்டும்.

பச்சை எரிந்தால், என் முகத்தைப் பார்க்காதீர்கள், உத்தரவுக்குக் காத்திருக்காதீர்கள். அழுத்திவிடுங்கள்.